சட்டைக்குத் திரும்பிய முதுகுகள்

எங்கள் மிச்சிகன் பள்ளியின் கூடைப்பந்துக் கூடத்தில் ரோபோ போட்டி. முன்னூறு பேர் பெஞ்சுகளில் சாய்ந்து கிடக்கிறார்கள். வகுப்பு ரத்து, பீட்சா இலவசம் என்று ஆசைகாட்டி அழைத்துவந்த கூட்டம். ரசிகர்களாம்! ஒருவர் கண்ணும் போனைவிட்டு நகரவில்லை. கீழே, எங்கள் அணி ஆறு வாரம் தூக்கத்தைத் தொலைத்துச் செய்த ரோபோ இரும்புக் கம்பியைப் பற்றி ஏறத் தொடங்குகிறது. அதை இயக்கும் அனிகா, கையிலிருக்கும் கருவியின் பொத்தானை அழுத்திப் பிடிக்கிறாள். ஆட்டம் முடிய இன்னும் இருபதே நொடி. இந்த நேரம் பார்த்துத்தான் துணை முதல்வர் ஹூக்ஸ்ட்ரா, தலையில் பச்சை விக்கும் கையில் மைக்குமாக, சட்டை எறியும் காற்றுத் துப்பாக்கியைத் தூக்கிக்கொண்டு பின்வரிசைக்கு ஓடுகிறார். "பசங்களா, யாருக்கு டி-ஷர்ட் வேணும்? கத்துங்க பாப்போம்!" டொப். முன்னூறு முதுகுகள் களத்தின் பக்கம் திரும்புகின்றன. கூச்சலில் கூரை அதிர்கிறது. "பாத்தீங்களா, என்னா உற்சாகம்!" என்று நடுவர்களைப் பார்த்துப் பல்லிளிக்கிறார் அந்த மனிதர். ரோபோ உச்சியைத் தொட்டுத் தொங்குகிறது, மணி அடிக்கிறது. அனிகா சிரிப்போடு நிமிர்கிறாள். எதிரே முதுகுகள். முண்டியடித்துச் சட்டையைப் பிடித்த மாணவி டீகன் அதை விரித்துப் பார்க்கிறாள். நெஞ்சில், கம்பியில் தொங்கும் அதே ரோபோவின் படம். "இது என்னடி, கிரேனா?" என்று தோழியைக் கேட்கிறாள். "யாருக்குத் தெரியும்?" டீகன் பீட்சா எண்ணெய் வழியும் விரல்களைப் படத்தின் மேலேயே துடைத்துக்கொள்கிறாள்.