சூப்பு குடித்த பேட்டரி

கெர்லோஃப் ஆதாரத்தோடுதான் நின்றுகொண்டிருந்தார். வேனின் பானெட் மேல் ஹில்யேவின் கரன்ட் சட்டி இருந்தது. அதன் அடியில் பட்டாணி சூப்பு காய்ந்து ஒட்டியிருந்தது.

"இதுதாம்மா என் பேட்டரியக் குடிக்குது," என்று சட்டியைத் தட்டிக் காட்டினார். "இன்னிக்கும் வண்டி ஸ்டார்ட் ஆகல. தினம் காலைல கண்ட வண்டிக்காரன் காலப் பிடிச்சுத்தான் கிளப்ப வேண்டியிருக்கு."

ஹில்யே அவரிடம் டைல்ஸ் ஒட்டும் வேலைக்குச் சேர்ந்து இரண்டு மாதம்தான் ஆகிறது. கட்டி முடியாத வீடுகளில் கரன்ட் இருக்காது. டைல்ஸ் வெட்டும் மிஷின், வேன் பேட்டரியிலிருந்தே கரன்ட் எடுக்கும் இன்வெர்ட்டரில்தான் ஓடும். மதியம் அந்த மிஷின் ஓய்ந்ததும் அவள் அதே இன்வெர்ட்டரில் சட்டியைச் சொருகிச் சூப்பு சுட வைப்பாள்.

"சட்டியத் தொட்டே ஒரு வாரம் ஆச்சுங்க. காஞ்ச ரொட்டியத்தான் மென்னுக்கிட்டு இருக்கேன்."

"அப்ப பேட்டரி தானா சாகுதா? பழைய பேட்டரியும் இப்படித்தான் போச்சு. இன்னிக்குள்ள காரணம் தெரியலைன்னா, திங்கக்கிழமை நீ வர வேணாம்."

ஹில்யே சட்டியை பானெட்டிலிருந்து எடுத்துக் கீழே வைத்தாள். க்ரோனிங்கன் ஊரில் குளிர்காலத்தில் யாரும் புது ஆள் எடுக்கமாட்டார்கள்.

கெர்லோஃபின் வீட்டுச் சந்துக்குள் வேன் நுழையாது. இரவில் கால்வாய்க் கரை மரங்களுக்கு நடுவேதான் நிற்கும். இப்போதும் அங்கேதான் நின்றது. வாத்துகள் வேடிக்கை பார்க்க, மெக்கானிக் யான்னெஸ் மீட்டரும் கையுமாகக் குனிந்திருந்தார்.

"பேட்டரி புதுசு. ஓடுறப்ப ஒழுங்கா சார்ஜ் ஏறும். நிறுத்தினா கரன்ட் எங்கயும் கசியல," என்றார். "நேத்து சாயங்காலம் எப்படி இருந்துது?"

"ஒரே சாவியில ஸ்டார்ட் ஆச்சு," என்றாள் ஹில்யே.

"ஏன் ஆகாது? நான் கவனிக்கிற கவனிப்பு அப்படி!" என்றார் கெர்லோஃப். "தினம் ராத்திரி என் கையால சார்ஜர் மாட்டிட்டுத்தான் படுக்கவே போறேன். காலைல வந்து கழட்டி, ஒயரைச் சுத்தி வெக்கிறேன். பெத்த பிள்ளையக்கூட இப்படிப் பாத்ததில்ல."

"அப்படியுமா படுத்துக்குது?"

"அதான் வயித்தெரிச்சல். போன சனி, ஞாயிறு ரெண்டு நாளும் விடாம சார்ஜ்ல போட்டேன். திங்கக்கிழமை ஹாரன்கூடக் கத்தல. எல்லாம் இந்தச் சூப்போட வேலை!"

யான்னெஸ் மெதுவாக நிமிர்ந்தார். கரையை இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரை பார்த்தார். மரங்கள், வாத்துகள், ஒரு பெஞ்சு. வேறொன்றும் இல்லை.

"யோவ் கெர்லோஃப், அந்த சார்ஜரை எதுலய்யா சொருகுற?"

கெர்லோஃபுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. இதுகூடத் தெரியாமல் ஒரு மெக்கானிக்!

"அதுக்குத்தானய்யா வண்டியிலேயே இன்வெர்ட்டர் வெச்சிருக்கேன்!"