மூன்றாம் தொட்டி

"மூணாந் தொட்டியில சூட்டைக் கம்மி பண்ணது யாரு?"

மேலாளர் தனசேகரன் போட்ட சத்தத்தில் கள்ளக்குறிச்சி மருந்துக் கம்பெனியே அடங்கிப்போனது. புற்றுநோய்க்கான புரத மருந்தைச் செய்யும் பாக்டீரியாக்கள் வளர்கிற தொட்டி அது.

"நான்தான் சார்," என்றாள் கல்வராயன் மலையிலிருந்து வேலைக்கு வரும் சிவரஞ்சனி. "சூடு ஜாஸ்தியானா அதுங்க மளமளன்னு பெருகும். மருந்துதான் உருப்படியா வராது. எங்க மலைக்குளிர்ல கூழுகூட நிதானமாத்தான் புளிக்கும். ஆனா ருசியா இருக்கும்."

"இது இன்னா கேவுரு கூழா? வளர்ச்சி பாதிதான் இருக்குது. மொத்தத்தையும் கொட்டு. உனக்கு பர்மிஷன் குடுத்த ஆளையும் சேத்து வூட்டுக்கு அனுப்புறேன்."

அவள் அனுமதிக் கோப்பை எடுக்கத் திரும்பினாள். அதற்குள் பரிசோதனைக்கூடத்திலிருந்து ரம்யா ஓடி வந்தாள்.

"சார், மத்த தொட்டிங்களைவிட மூணாவதுல மருந்து ரெண்டு மடங்கு வந்திருக்குது."

தனசேகரன் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டார். குரல் இறங்கியிருந்தது.

"சரி, பர்மிஷன் குடுத்தது யாரு?"

சிவரஞ்சனி கோப்பைப் பிரித்து நீட்டினாள். தாளின் அடியில், பச்சை மையில், அவருடைய கையெழுத்தே இருந்தது.

"மூணு தபா வாயால கேட்டேன், முடியாதுன்னுட்டீங்க. நாலாவது தபா எழுதி நீட்டினேன். போன்ல பேசிக்கினே கையெழுத்துப் போட்டுட்டீங்க, சார்."