வாசல்ல மொளச்ச செண்டுமல்லி

மாமியாரத் தூக்கிட்டுப் போன அன்னைக்குப் பாடையிலருந்து உதுந்த செண்டுமல்லி, மழை பெஞ்சதும் வாசல்லயே செடியா மொளச்சு நின்னுச்சுங்க. பவளக்கொடி அதத் தாண்டித்தான் தண்ணிக்குப் போவா, ஒருநாளும் தொட்டதில்ல. "கேக்காம எதையும் தொடாதடி"ங்கிறதுதான் அந்தம்மா காலமெல்லாம் அவகிட்டப் பேசுன பேச்சு. இன்னைக்குத் தேங்கா வெட்டுறேன்னு அவ புருசன் சின்னமாயன் உள்ளங்கையவே வெட்டிக்கிட்டான். ரத்தம் நிக்கவே மாட்டேங்குது. செண்டுமல்லி எலையக் கசக்கிப் புழிஞ்சா நின்னுரும்னு ஊருக்கே தெரியும். வாசலுக்கு ஓடுனவளப் பாத்து, "ஏய், அம்மாகிட்டக் கேட்டுட்டுப் பறி!"ன்னு உள்ள இருந்து கத்துறான். ரத்தம் கொட்டுறப்பவும் அம்மா பயம் விடுதா பாருங்க! செடி முன்னால குத்தவச்சு, "அத்தே, எனக்கில்ல, ஒங்க மகனுக்குத்தான்"னா. காத்தே இல்ல, செடி தலைய ஆட்டுச்சு. சரிங்குதா, கூடாதுங்குதா? அந்தம்மா உசுரோட இருந்தப்பவும் இவளுக்கு அது வெளங்குனதில்ல. ஒரே ஒரு எலையத்தான் கிள்ளுனா. செடியே வேரோட கையில வந்துருச்சு. வேர்ல ஒரு பொட்டு மண்ணு இல்ல.

"என்னடி, அம்மா குடுத்தாளா?"ன்னான் சின்னமாயன்.