வால் இல்லாத கிளைடரின் எடை

அக்காவும் தம்பியுமாகப் பதினோரு வருஷம் உயிரைக் கொடுத்துச் சரிசெய்த பழைய கிளைடர் அது, என்ஜின் இல்லாமல் காற்றில் மிதக்கும் சின்ன விமானம். வால் கிடையாது, ஒரு கிலோ இடம் மாறி உட்கார்ந்தாலும் ஆளைக் கவிழ்த்துவிடும். அதனால் பறக்கும் முன்னும் பின்னும் எடை பார்ப்பது தம்பியின் வேலை. வெறும் கிளைடர் நூற்றுத் தொண்ணூறு கிலோ, அக்கா ஐம்பத்தெட்டு.

அன்று மாலை அக்கா ஓட்டுகையில் அது வானத்தில் ஒருமுறை தலைகுப்புறப் புரண்டது. கீழே நின்ற தம்பி ஓடுபாதையை நோக்கி ஓடினான். ஆனாலும் பூப்போலத் தரையிறங்கியது.

அக்காவோடு சேர்த்தே கொட்டகையில் இருந்த எடைமேடையில் ஏற்றினான். இருநூற்று நாற்பத்தெட்டு.

"இறங்குக்கா, வெறும் எடை பார்க்கணும்."

அக்கா இறங்கிச் சுவரில் சாய்ந்தாள். முள் அசையவில்லை. கிளைடரைக் கீழே தள்ளினான். முள் பூஜ்யத்துக்கு வந்தது. அலுப்போடு மறுபடி ஏற்றினான். அதே இருநூற்று நாற்பத்தெட்டு.

அக்கா கொட்டாவி விட்டாள். "மேடை மக்கர் பண்ணுதா? அதை இறக்கு, நான் ஏறி நிக்கிறேன்."

அவன் கிளைடரை இறக்கியதும் ஏறி நின்றாள். முள் பூஜ்யத்திலேயே இருந்தது.

"எவ்வளவுடா?"

முள் அவளுக்குத் தெரியாதபடி தம்பி குறுக்கே வந்து நின்றான். "அம்பத்தெட்டு."

"அப்பாடா, சரியாத்தான் இருக்கு. வீட்டுக்குப் போலாம்டா, உடம்பெல்லாம் அடிச்சுப் போட்ட மாதிரி இருக்கு."

அவள் முன்னால் நடந்தாள். தம்பி கிளைடரின் மேல் துணியைப் போர்த்தினான். இருக்கைக்கு மேலுள்ள கண்ணாடி மூடியை மட்டும் பூட்டாமல், மூச்சு விடுகிற அளவுக்குத் திறந்து வைத்துவிட்டு வந்தான்.