ஈரத்தில் வாடிய செடி

விரலை இரண்டாவது கணு வரை மண்ணுக்குள் விட்டேன். சேறு.

சந்தேகமாக இருந்ததால் தொட்டியின் மறு ஓரத்திலும் விட்டுப் பார்த்தேன். அங்கேயும் சேறுதான்.

ஆனால் இலைகளெல்லாம் தண்ணீரைக் கண்டே பல நாளானதுபோலத் தலையைத் தொங்கப்போட்டிருந்தன.

ஜன்னலோரக் கட்டிலில் சாய்ந்திருந்த மாமா என்னைப் பார்க்காமல் பேப்பரைப் பார்த்துக்கொண்டிருந்தார். என் கணவரின் அப்பா. செடி அவர் தலைமாட்டில், ஜன்னல் மேடைமேல். பக்கத்து ஸ்டூலில் அவருடைய தண்ணீர்க் குடுவை.

செடியைக் கொடுத்தது மாலை வகுப்பில் என் பக்கத்து மேசைக்காரி. பகலில் அவளுக்குச் செடிப் பண்ணையில் வேலை. நகக்கண்ணில் எப்போதும் மண். வகுப்பே அவளை மண்புழு என்றுதான் கூப்பிடும்.

அந்த வகுப்பில் கட்டட வரைபடம் படிக்கிறோம். ஒரு சுவர்க் கோட்டை மூன்று தடவை அளந்துவிட்டுத்தான் போடுவேன். போட்ட பிறகு அழிப்பேன். அப்படிப்பட்டவளை நம்பி ஓர் உயிரைக் கொடுக்கிறாளே என்று பயந்துகொண்டேதான் வாங்கி வந்தேன்.

பயந்தபடியே ஆயிற்று. இலை தொங்கியது. தண்ணீர் ஊற்றினேன். மறுநாள் இன்னும் தொங்கியது. இன்னும் கொஞ்சம் ஊற்றினேன்.

நேற்று வெட்கத்தை விட்டு அவளிடம் கேட்டேன்.

"தண்ணி கம்மியானாலும் தொங்கும், அதிகமானாலும் தொங்கும்டி. வேருக்கு மூச்சு விட இடம் வேணாமா? மண்ணுல தண்ணி நின்னா வேர் அழுகிரும். அழுகின வேர் எப்படிக் குடிக்கும்? விரலை விட்டுப் பார்த்துட்டு ஊத்து. நீ என்ன, செடி வளக்கிறியா, மீன் வளக்கிறியா?"

சிரித்து மழுப்பிவிட்டேன். நான் வேலை பார்க்கும் கடையில் சரக்குக் கணக்கெடுப்பு நடந்ததில், நான்கைந்து நாளாகச் செடியை மறந்தே போயிருந்தேன். ஒரு சொட்டும் ஊற்றவில்லை. அதை அவளிடம் சொல்லக் கூச்சமாக இருந்தது.

அப்படியானால் இந்தச் சேறு எங்கிருந்து வந்தது?

தொட்டியின் கீழ்த்தட்டை இழுத்தேன். தேங்கியிருந்த தண்ணீர் தளும்பி என் கால் நனைந்தது.

துடைக்கத் துணி தேடித் திரும்பியபோதுதான் குடுவையைச் சரியாகப் பார்த்தேன். பாதித் தண்ணீர் இருந்தது.

சாயங்காலத்தில் அந்தக் குடுவைக்குள் தண்ணீரை நான் பார்த்ததே இல்லை.

மாமாவுக்குச் சிறுநீரகத்தில் கல். நிறையத் தண்ணீர் குடித்தால் தானாக வெளியேறிவிடலாம், இல்லாவிட்டால் கத்தி வைக்க வேண்டியதுதான் என்று டாக்டர் சொல்லியிருந்தார். கணவர் வெளியூர் வேலைக்குத் திரும்பும்போது அந்தப் பொறுப்பை என் தலையில் வைத்துவிட்டுப் போனார்.

காலையில் மூக்குக்கண்ணாடிக் கடைக்குக் கிளம்பும்போது குடுவையை விளிம்புவரை நிரப்பி வைப்பேன். சாயங்காலம் அது காலியாக இருந்தால்தான் வகுப்புக்குப் போவேன் என்று முதல் நாளே கறாராகச் சொல்லிவிட்டேன்.

அன்றிலிருந்து ஒரு நாள் தவறாமல் காலி. நான் பார்க்கும் வேலைகளில் ஒழுங்காக நடப்பது இது ஒன்றுதான் என்று உள்ளுக்குள் பெருமைகூடப் பட்டிருக்கிறேன்.

இன்றுதான் வழக்கத்தைவிடச் சீக்கிரம் வந்துவிட்டேன்.

"மாமா, செடிக்கு யாரு தண்ணி ஊத்தறா?"

"யாரு ஊத்துவா? சாரல் அடிச்சிருக்கும்."

ஜன்னல் சாத்தியிருந்தது. மழை பெய்து மாதமாகிறது.

குடுவையைத் தூக்கிக் காட்டினேன். பேப்பர் மெல்லக் கீழே இறங்கியது.

"குடிக்காம ஏமாத்தலம்மா. மெதுவாத்தான் உள்ள எறங்குது. நீ வர்றதுக்குள்ள பாதிதான் முடியுது. மீதியை நீ போனப்பறம் குழாயில பிடிச்சு, படுக்கறதுக்குள்ள குடிச்சு முடிச்சிடுவேன்."

போன தடவை எடுத்த ஸ்கேன் படத்தில் கல் கீழே நகர்ந்திருந்தது நினைவுக்கு வந்தது. பொய் இல்லை.

"அப்போ அந்த மீதியைக் குடுவையிலயே வச்சுக் குடிக்கலாமே? எதுக்கு மாமா செடியில ஊத்தணும்?"

அவர் என் தோளில் தொங்கிய, வரைபடத் தாள் சுருட்டி வைக்கும் குழலைப் பார்த்தார்.

"வச்சிருந்தா நீ போகமாட்டியேம்மா."

கோபப்படலாமா என்று யோசித்தேன். வரவில்லை. சிரிப்பு வந்தது. அதை அவர் பார்த்துவிடக் கூடாதென்று குனிந்து தரையைத் துடைத்தேன். துடைத்த இடத்தையே திரும்பத் துடைத்தேன்.

பிறகு செடியைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டேன். மாடிப்படித் திருப்பத்தில் நல்ல காற்று வரும். மண் காயட்டும்.

குடுவையில் பாதித் தண்ணீர் அப்படியே இருந்தது. இரண்டு பேரும் அதைப் பார்த்தோம்.

"பஸ் போயிடும்மா," என்றார்.

குழலும் செடியுமாகப் படியிறங்கினேன். திருப்பத்தில் தொட்டியை வைத்துவிட்டு நிமிரும்போது, மேலே தண்ணீர் ஊற்றும் சத்தம் கேட்டது.

டம்ளரில்தானா என்று உறுதியாகத் தெரியவில்லை. ஏறிப் போய்ப் பார்த்துவிட்டு வந்துவிடலாமா என்று ஒரு கால் மேல்படிக்குப் போனது.

செடி என் காலடியில் இருந்தது.

இறங்கிவிட்டேன்.