காதில் சொன்ன ஜெபம்

"இவ கை என் பொண்ணு மேல படக்கூடாது. நம்ம ஊர் நர்ஸ் யாரையாவது கூப்பிடு."

மாசோண்டி கட்டிலை மறித்துக்கொண்டு நின்றாள். ஜெபக்கூட்டத்திலிருந்து நேரே ஓடி வந்தவள். வியாழக்கிழமைகளில் சபைப் பெண்கள் போடும் சிவப்புச் சட்டையும் வெள்ளைத் தொப்பியும் இன்னும் அப்படியே இருந்தன. அவளுக்குப் பின்னால் மகள் தோபிலே கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டு வலியில் முனகினாள்.

நர்ஸ் செகாய் கையுறையை மாட்டினாள்.

"டாக்டர் ஆபரேஷன்ல இருக்கார் அக்கா. இன்னொரு நர்ஸும் அவர்கூடத்தான். டர்பன் ஊர் முழுக்கத் தேடினாலும் இப்போதைக்கு நான்தான் கிடைப்பேன்."

"உன் பேச்சே காட்டிக் குடுக்குதே. ஜிம்பாப்வேக்காரிதானே? எங்க பிள்ளைங்க வேலை இல்லாம தெருவுல நிக்குது. நீங்க எல்லை தாண்டி வந்து எங்க சோத்துல கை வைக்கிறீங்க."

வந்த நாளிலிருந்து இதைக் கேட்டுக் கேட்டுச் செகாய்க்குக் காது மரத்துப்போயிருந்தது.

"சாயங்காலம் திட்டுங்க, உக்காந்து கேக்கறேன். இப்ப வழி விடுங்க."

"அவங்க பாக்கட்டும்மா," என்று கெஞ்சினாள் தோபிலே. மாசோண்டி அரை அடி நகர்ந்தாள்.

செகாய் தோபிலேயின் வயிற்றில் கருவியை வைத்துக் கேட்டாள். ஒவ்வொரு வலிக்கும் குழந்தையின் இதயத்துடிப்பு இறங்கியது. வலி அடங்கிய பிறகும் சரியாக ஏறவில்லை. எத்தனையோ பிரசவம் பார்த்தவள்தான், ஆனாலும் இன்று கருவியை இன்னொரு முறை வைத்துக் கேட்டாள்.

"என்ன, திரும்பத் திரும்பக் கேக்கறே? வேலை தெரியுமா தெரியாதா?"

"தெரியும் அக்கா. தோபிலே, இங்க பாரு தாயி. பிள்ளைக்கு மூச்சு முட்டுது. நான் சொல்லும்போது முக்கு, நடுவுல விட்டுடாதே."

"என் பேரனுக்கு ஏதாவது ஆச்சு, உன்னை இந்த ஊர்ல இருக்க விடமாட்டேன்."

"ஆக விடமாட்டேன்," என்றாள் செகாய். அவள் சொன்ன விதத்தில் மாசோண்டி இன்னும் அரை அடி நகர்ந்தாள்.

ஆனால் சும்மா இருக்க அவளால் முடியாது. வாசலையே பார்த்துப் புலம்பினாள்.

"மாப்பிள்ளை தெம்பா வேற இன்னும் வரலை. பாவம், அவனுக்கும் யாரிருக்கா? பெத்தவ மூணு வருஷத்துக்கு முன்னாடியே செத்துட்டாளாம். இருந்திருந்தா இந்நேரம் இங்க வந்து நின்னிருப்பா."

"நின்னிருப்பாங்க," என்றாள் செகாய் தலையை நிமிர்த்தாமல். "இப்ப முக்கு தாயி."

தலை வந்தது. கழுத்தில் தொப்புள்கொடி இறுக்கமாகச் சுற்றியிருந்தது. செகாய் இரண்டு பக்கமும் கவ்வியைப் போட்டு நடுவில் வெட்டினாள். குழந்தை வழுக்கிக்கொண்டு அவள் கையில் விழுந்தது. நீலம் பாரித்திருந்தது. அழவில்லை.

மாசோண்டி தரையில் மண்டியிட்டுச் சத்தமாக ஜெபித்தாள். செகாய் குழந்தையைத் துடைத்தாள், முதுகைத் தேய்த்தாள், மூக்கையும் வாயையும் மூடும் முகமூடியை வைத்துக் காற்றை அழுத்தினாள். கர்த்தரே, எனக்கென்று உம்மிடம் எதையும் கேட்டதில்லை, இதை மட்டும் கொடும் என்று அவள் உள்ளுக்குள் மன்றாடினாள்.

ஒரு விக்கல் வந்தது. பிறகு அறையே அதிரும்படி குழந்தை அழுதது.

செகாய் அவனைத் துணியில் சுற்றினாள். கொடுப்பதற்கு முன் குனிந்து, தன் மொழியில் அவன் காதுக்குள் நீளமாக ஏதோ சொன்னாள்.

"என்ன முணுமுணுக்கறே? உங்க பாஷையெல்லாம் என் பேரன் காதுல ஓதாதே."

"ஜெபம்தான் அக்கா."

பொய் சொல்லிப் பழகாதவள். சொல்லும்போது பார்வையைத் துணி மடிப்புக்குத் திருப்பிக்கொண்டாள். மாசோண்டிக்கு அதைக் கவனிக்க நேரமில்லை, பேரனை வாங்கி மார்போடு அணைத்திருந்தாள்.

"பரவாயில்லை, வேலை தெரிஞ்சவதான்," என்றாள் கடைசியில். "நீயும் சபைக்குப் போறவளா? அப்புறம் வியாழக்கிழமை இங்க என்ன வேலை?"

"வியாழக்கிழமை எப்பவும் லீவுதான் அக்கா. இன்னைக்குன்னு டூட்டியை மாத்தி வாங்கிட்டு வந்தேன்."

அப்போது தெம்பா வேர்க்க விறுவிறுக்க ஓடி வந்தான். மாமியார் குழந்தையை அவன் கையில் கொடுத்துவிட்டுச் சபைப் பெண்களுக்குப் போன் செய்ய வெளியே போனாள். போகும்போதே, "அந்த நர்ஸுக்கு நன்றி சொல்லுப்பா" என்றாள்.

"ரொம்ப நன்றி சிஸ்டர்," என்றான் தெம்பா, வாசல் வரை கேட்கும்படி.

கதவு சாத்திக்கொண்டது. தோபிலே அசதியில் கண்ணயர்ந்திருந்தாள். தெம்பா குரலைத் தாழ்த்தினான். இப்போது அவன் பேசியது அந்த ஊரின் ஜூலு மொழி இல்லை, செகாயின் மொழி.

"காதுல நம்ம குலப்பேரைச் சொல்லிட்டியாம்மா? யார் சாயல்ல இருக்கான்?"

செகாய் ரத்த விரிப்பைச் சுருட்டியபடி நின்றாள். மகனைத் திரும்பிப் பார்க்கவில்லை.

"உன் மாமியார்கிட்ட நீ சாகடிச்சியே, அந்த அம்மா சாயல்தான்டா."