முதல் பக்கத்து வக்கீல்

“அண்ணே, காலையில பத்து மணிக்கு உக்காந்தீங்க. இப்ப மணி மூணு. இன்னும் முதல் பக்கத்துலயே இருக்கீங்க!”

பயிற்சிப் பொறுப்பாளருக்குத் தலை வெடித்துவிடும்போல் இருந்தது. கிடங்கில் பெட்டி தூக்கும் ஃபோர்க்லிஃப்ட் வண்டி ஓட்டும் நாற்பத்தேழு பேரும் இன்று மாலை ஐந்து மணிக்குள் இணையத்தில் பாதுகாப்புப் பாடத்தை முடித்தாக வேண்டும். முடிக்காதவரின் வண்டிச் சாவி நாளைக்கு வேறொருவர் கைக்குப் போய்விடும். நாற்பத்தாறு பேர் முடித்துவிட்டார்கள். மிச்சம் இவர் ஒருவர்தான். இருபத்திரண்டு வருடத்தில் ஒரு பெட்டியைக்கூடக் கீழே போடாத மூத்த ஓட்டுநர்.

பாடத்தில் சிக்கியிருந்தாலாவது மனசு ஆறும். மனிதர் அதற்கு முன்னால் வரும் குக்கி அறிவிப்பைத் தாண்டவில்லை. ‘உங்களைக் கவனித்துக் குறித்துக்கொள்வோம், சம்மதமா?’ என்று கேட்கும் அதே அறிவிப்புதான். திரை நிறையப் பொடி எழுத்து, ஓரத்தில் கடித்த பிஸ்கட் ஒன்றின் படம், கீழே ஒரே சாம்பல் நிறத்தில் மூன்று பட்டன்கள். மற்றவர்கள் எல்லாரும் வந்த வேகத்தில் தட்டிவிட்டுப் போன சமாசாரம்.

“படிக்காம எதுக்கும் நான் ஒத்துக்க மாட்டேன் மேடம்.” ஓட்டுநர் கையைக் கட்டிக்கொண்டார்.

“படிக்க அஞ்சு மணி நேரமா?”

“நீங்களே ஒரு தடவை வாய்விட்டுப் படிங்களேன். உங்க வாயால கேட்டாத்தான் எனக்கு நம்பிக்கை.”

எல்லாம் என் தலையெழுத்து என்று நொந்துகொண்டு, பல்லைக் கடித்தபடி படித்தாள். “‘உங்கள் கற்றல் அனுபவத்தை மேம்படுத்த, நாங்களும் எங்கள் கூட்டாளிகளும்...’”

“கூட்டாளிங்கன்னா யாரு?”

“எனக்கு எப்படிண்ணே தெரியும்? எண்ணூறு கம்பெனியாம். ஒவ்வொருத்தரையா கூப்பிட்டு விசாரிக்கவா முடியும்?” மறுபடியும் விட்ட இடத்தைத் தேடிப் பிடித்தாள். “‘நீங்கள் எந்தெந்த இடத்தில் அழுத்துகிறீர்கள், ஒரு பக்கத்தில் எவ்வளவு நேரம் இருக்கிறீர்கள் என்பதைப் பதிவு செய்வோம்.’”

ஓட்டுநரின் முகம் சட்டென்று சுருங்கியது.

“நான் எங்க அழுத்தறேன்னு எழுதி வைப்பாங்களா? அதை யாரு பாப்பாங்க?”

“யாருமே பாக்க மாட்டாங்க! யாருக்கு இங்க வேற வேலை இல்ல? ‘சம்மதம்’னு இருக்கறதைத் தட்டுங்க. பிடிக்கலைன்னா ‘மறுக்கிறேன்’ங்கறதைத் தட்டுங்க. எதையாவது தட்டித் தொலைங்கண்ணே!”

அவர் மவுஸைப் பிடித்தார். கொஞ்ச நேரம் திரையையே பார்த்தார். பிறகு கையை எடுத்துக்கொண்டார்.

“நகருங்க, நானே தட்டிடறேன்.”

“என் பேர்ல நீங்க தட்டினா அது பொய்க் கையெழுத்து மேடம். நீங்க போங்க. பக்கத்துல ஆள் நின்னா எனக்குக் கை ஓடாது.”

வெளியே வேலை முடிந்து போய்க்கொண்டிருந்தவர்கள் ஜன்னலில் எட்டிப் பார்த்தார்கள். “வக்கீல் ஐயா, தீர்ப்பு இன்னைக்கா, நாளைக்கா?” மத்தியானத்திலிருந்தே அவருக்கு அந்தப் பெயர்தான். ஓட்டுநரும் அவர்களோடு சேர்ந்து சிரித்து வைத்தார்.

இதற்கு மேல் அங்கே நின்றால் எதையாவது சொல்லிவிடுவோம் என்று அவள் தன் மடிக்கணினியை எடுத்துக்கொண்டு நேராக மேலாளர் அறைக்குப் போனாள்.

“உயிரை வாங்கறார் சார். நானும் எவ்வளவு நேரம்தான் பொறுமையா இருக்கறது?”

“வேணும்னே பண்றார்மா. சட்டம் பேசறாராமில்ல? ‘வேண்டுமென்றே மறுத்தார்’னு ஒரு வரி எழுதிக் குடுங்க. சாவியை வாங்கிடலாம்.”

“சும்மா எழுதினா சண்டைக்கு வருவார். ஆதாரத்தோடயே எழுதறேன். அவர் அஞ்சு மணி நேரமா என்ன பண்ணினார், எங்க தட்டினார்னு எல்லாம் பாடம் நடத்தற கம்பெனியோட பதிவுல இருக்கும்.”

“அவர்தான் இன்னும் சம்மதமே குடுக்கலையே?”

“சம்மதம் கேக்கறதுக்கு முன்னாடியே அது எழுத ஆரம்பிச்சிடும் சார்.”

மேலாளர் வாய்விட்டுச் சிரித்தார். அவளுக்குச் சிரிப்பு வரவில்லை. மனிதர் மவுஸைத் தொடாமல் சும்மாவே உட்கார்ந்திருந்தார் என்பது மட்டும் தெரியட்டும், இன்றைக்கு ஒரு கை பார்த்துவிடலாம் என்று ஆத்திரத்தோடு பதிவைத் திறந்தாள். அறிவிப்புப் பக்கம் அப்படியே படமாக வந்தது. அவர் அழுத்திய இடங்களில் எல்லாம் சிவப்புப் புள்ளி.

அவள் திரைக்கு இன்னும் கிட்டக் குனிந்தாள்.

“என்னம்மா, மாட்டினாரா?”

மேலாளர் எழுந்து இந்தப் பக்கம் வருவதற்குள் மடிக்கணினியை மூடினாள்.

“கம்ப்யூட்டர்ல ஏதோ கோளாறு சார். அவர் மேல தப்பு இல்ல. நான் பக்கத்துலயே உக்காந்து அஞ்சு மணிக்குள்ள முடிச்சுத் தரேன்.”

“இப்பத்தானே அந்த ஆளைத் திட்டித் தீர்த்தீங்க?”

அவள் கணினியை மார்போடு அணைத்துக்கொண்டு பயிற்சி அறைக்கு ஓடினாள். ஐந்து மணி நேரத்தில் ஓட்டுநர் நூற்றுப் பதினேழு முறை அழுத்தியிருந்தார், அத்தனையும் ஓரத்தில் இருந்த அந்தக் கடித்த பிஸ்கட்டின் மேலேயே. பக்கம் முழுவதிலும் எழுத்தாக இல்லாத இடம் அது ஒன்றுதான்.